ஃப்ரீ ஏஜென்சி (அமெரிக்க பேஸ்பால்)

ஃப்ரீ ஏஜென்சி: அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பழைய அணியின் அனுமதி கேளாமல் தமக்கு விருப்பமான அணியோடு பேசிச் சேர்ந்துகொள்ளும் உரிமை. இன்றைய விதிப்படி மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு பணி முடித்தவருக்கு இது கிடைக்கும். 1879 முதல் 1975 வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, இதை மறித்து நின்றது, ஆட்டக்காரரை அவருடைய அணியோடு கட்டிவைத்த ‘தக்கவைப்பு விதி’. ஆகவே இவ்வுரிமையின் வரலாறு பெரும்பாலும் அவ்விதியை எதிர்த்தவர்களின் வரலாறே.

எதிர்த்தவர்களின் பட்டியலில் பந்துவீச்சாளர்கள் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பேஸ்பால் பந்துவீச்சாளர் ஒரே ஆட்டத்தில் நூறு பந்துகளுக்கு மேலும் முழு வேகத்தில் எறிய வேண்டியிருக்கும். தோளும் முழங்கையும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அவருக்கே தெரியாது. கை நல்ல நிலையில் இருக்கும் சில ஆண்டுகளின் விலையை யார் பேசுவது என்பதில்தான் வழக்கு பிறந்தது.

தக்கவைப்பு விதி

1876இல் நேஷனல் லீக் தொடங்கியபோது ஆட்டக்காரர்கள் ஆண்டு முடிந்ததும் அணி மாறுவது சாதாரணம். நல்ல ஆட்டக்காரருக்காக அணிகள் போட்டி போட்டதில் சம்பளம் ஏறியது. 1879 செப்டம்பர் இறுதியில் பஃபலோ நகரில் கூடிய உரிமையாளர்கள், அணிக்கு ஐந்து பேரைப் பிறர் தொடக்கூடாதவர்களாகக் குறித்துக்கொள்ள உடன்பட்டனர். பாஸ்டன் அணியின் ஆர்தர் சோடனே இதன் கர்த்தா என்பது பெரும்பான்மைக் கருத்து. குறிக்கப்பட்ட ஐவரில் ஒருவராக இருப்பது தொடக்கத்தில் பெருமையாகக்கூடக் கருதப்பட்டது என்பர். 1883இல் ஐந்து பதினொன்றாயிற்று. பின்னர் அணி முழுவதும் விதிக்குள் வந்தது.

முதல் எதிர்ப்பு ஜான் மான்ட்கோமரி வார்டிடமிருந்து வந்தது. 1880 ஜூன் 17 அன்று பிராவிடன்ஸ் அணிக்காக எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்துக்கு விடாமல் பந்துவீசியவர் அவர். அத்தகைய ஆட்டம் லீக்கில் அதுவரை ஒன்றே நடந்திருந்தது, அதுவும் ஐந்து நாளுக்கு முன்பு. கை கெட்டுப்போன பின் உள்வட்டத்தில் ஆடிக்கொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 1885இல் ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அமைத்தார். 1887இல், பேஸ்பால் ஆட்டக்காரர் ஓர் உடைமைப்பொருளா என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். 1890இல் ஆட்டக்காரர்களே ஒரு தனி லீக்கை நடத்தினர். அது ஓராண்டோடு நின்றது.

நியூயார்க் ஜயன்ட்ஸின் ஏமஸ் ரூசி சங்கம் எதுவும் இல்லாமல் தனியாகப் போராடினார். பந்து வீசும் தூரம் 1893இல் 60 அடி 6 அங்குலமாகக் கூட்டப்பட்டதற்கு இவருடைய வேகமே காரணம் என்று பலர் எழுதியுள்ளனர். அது ஒரு காரணம் என்று சொல்வதே பொருத்தம். 200 டாலர் அபராதத்தை உரிமையாளர் ஆண்ட்ரூ ஃப்ரீட்மன் திருப்பித் தர மறுத்ததால், 1896ஆம் ஆண்டு முழுவதும் ரூசி ஒரு பந்தும் எறியவில்லை. விஷயம் நீதிமன்றம் போனது. தக்கவைப்பு விதியை நீதிபதி பார்த்துவிடக் கூடாதே என்று மற்ற உரிமையாளர்கள் தம் கைப்பணத்தைத் திரட்டி அவரைச் சமாதானம் செய்தனர். தொகை 3,000 டாலர் என்றும் 5,000 டாலர் என்றும் இருவிதமாகக் கூறப்படுகிறது. 1898இல் ரூசியின் தோள் கெட்டது. 1900 டிசம்பரில் அவர் சின்சினாட்டிக்கு அனுப்பப்பட்டார். அங்கே மூன்றே ஆட்டங்களில் களமிறங்கினார். பதிலுக்கு நியூயார்க் பெற்ற இளைஞர் கிரிஸ்டி மேத்யூசன் பின்னாளில் 373 வெற்றிகள் குவித்தார். பந்துவீச்சாளர் கைமாற்றங்களில் மிக மோசமானது எது என்று ரசிகர்கள் பேசும்போது முதலில் எழும் பெயர்களுள் இது ஒன்று. ஆனால் இரு உரிமையாளர்களும் முன்கூட்டியே பேசிவைத்துச் செய்த ஏற்பாடு இது என்ற கருத்தும் உண்டு. அப்படியானால் இதை ஏமாளித்தனம் என்று சொல்வதற்கில்லை.

1901இல் அமெரிக்கன் லீக் போட்டிக்கு வந்தபோதும், 1914-15இல் ஃபெடரல் லீக் நடந்தபோதும் சம்பளம் ஏறிப் பின் இறங்கியது. ஃபெடரல் லீக் விட்டுச்சென்ற வழக்கில், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல, ஆகவே ஏகபோக எதிர்ப்புச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1922இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். நியூயார்க் யாங்கீஸின் கிளை அணியில் இருந்த ஜார்ஜ் டூல்சன் என்ற பந்துவீச்சாளர் தொடுத்த வழக்கில் 1953இல் நீதிமன்றம் அதையே வழிமொழிந்தது.

இதற்கு மாறாக, கறுப்பின ஆட்டக்காரர்களின் தனி லீக்குகளில் ஒப்பந்தங்கள் தளர்வாகவே இருந்தன. 1945இல் ஜாக்கி ராபின்சனைச் சேர்த்துக்கொண்ட புரூக்ளின் அணி, அவருடைய பழைய அணியான கான்சாஸ் சிட்டி மானர்க்ஸுக்கு எதுவும் கொடுக்கவில்லை.

1966 முதல் 1976 வரை

1966 வசந்தத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் இரு பெரும் பந்துவீச்சாளர்களான சாண்டி கூஃபக்ஸும் டான் டிரைஸ்டேலும், தனித்தனியாகப் பேசினால் ஒருவரைக் காட்டி மற்றவரை மடக்குகிறார்கள் என்று கண்டு, ஒன்றாகவே பேச முடிவு செய்தனர். மூன்றாண்டுக்கு இருவருக்கும் சேர்த்துப் பத்து லட்சம் டாலர் கேட்டனர். முந்தைய ஆண்டில் கூஃபக்ஸ் 26 வெற்றிகளும் 382 ஸ்ட்ரைக்அவுட்டுகளும் எடுத்திருந்தார். ஒரு மாதம் பயிற்சிக்குப் போகாமல் இருந்துவிட்டு, ஓராண்டுக்கு 1,25,000 டாலருக்கும் 1,10,000 டாலருக்கும் கையெழுத்திட்டனர். அந்த ஆண்டு இறுதியில் முழங்கை வலி தாங்காமல் கூஃபக்ஸ் ஓய்வு பெற்றார். அவருக்கு வயது முப்பது.

அதே ஆண்டு ஆட்டக்காரர் சங்கத்தின் செயல் இயக்குநராக மார்வின் மில்லர் தேர்வானார். எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியல் வல்லுநராக இருந்தவர். 1968இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கண்டார். குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டாலரிலிருந்து 10,000 ஆயிற்று. 1970 ஒப்பந்தத்தில் குறைகளை வெளியார் ஒருவரான மத்தியஸ்தர் விசாரிக்கலாம் என்ற வரியைச் சேர்த்தார். அந்த ஒரு வரியின் கனத்தை உரிமையாளர்கள் அப்போது உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இடையில் கர்ட் ஃபிளட்டின் வழக்கு. இவர் பந்துவீச்சாளர் அல்லர், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் நடுக்களக் காவலர். 1969 அக்டோபரில் தம்மைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்து, அந்த டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சரக்கு அல்ல என்பதே அதன் சாரம். ஜாக்கி ராபின்சன் நேரில் வந்து சாட்சி சொன்னார். ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவரும் நீதிமன்றப் படி ஏறவில்லை. 1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் முகப்பில் நீதிபதி பிளாக்மன் பழம்பெரும் ஆட்டக்காரர்களின் பெயர்களை வரிசையாக எழுதிவைத்தார். தோற்றவருக்கு அதனால் என்ன பயன்? ஃபிளட் 1971இல் வாஷிங்டனுக்காக 13 ஆட்டங்கள் ஆடியதோடு சரி. அவர் தோற்ற வழக்குதான் பின்வந்த வெற்றிக்கு அடித்தளம் என்று ஒரு சாராரும், மத்தியஸ்தர் வழி அதற்குத் தொடர்பில்லாமலே திறந்தது என்று மற்றொரு சாராரும் கூறுவர்.

அந்த வழியில் முதலில் நடந்தவர் ஓக்லண்டின் ஜிம் ‘கேட்ஃபிஷ்’ ஹன்டர். 1974இல் 25 வெற்றிகள் பெற்றவர். அவருடைய ஒரு லட்சம் டாலர் சம்பளத்தில் பாதியை ஆயுள்தொகைத் திட்டத்தில் கட்டுவதாக ஒப்புக்கொண்ட உரிமையாளர் சார்லி ஃபின்லி கட்டவில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டது, ஆகவே ஹன்டர் எவருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்று மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் அந்த டிசம்பரில் முடிவு சொன்னார். அடுத்த இரண்டு வாரம் வட கரோலினாவின் அஹோஸ்கி என்ற சிற்றூரில் இருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் முன் அணிப் பிரதிநிதிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றனர். ஆண்டின் கடைசி நாளில் ஹன்டர் யாங்கீஸைத் தேர்ந்தார். ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பை நூல்கள் 33.5 லட்சம் டாலரிலிருந்து 37.5 லட்சம் டாலர் வரை பலவிதமாகக் குறிக்கின்றன. அதைவிட அதிகம் தர முன்வந்தவர்களும் இருந்தனர். ஹன்டரைச் சிறுவயதிலேயே கண்டெடுத்து ஒப்பந்தம் செய்த கிளைட் கிளட்ஸ் அப்போது யாங்கீஸில் வேலை பார்த்ததும் ஒரு காரணம் என்பர். பந்துவீச்சாளர் ஒருவரின் உண்மையான சந்தை விலை என்ன என்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

விதியின் வேரை அறுத்த வழக்கு அடுத்த ஆண்டில் வந்தது. ஒப்பந்தப் படிவத்தின் வாசகப்படி, ஆட்டக்காரர் கையெழுத்திடாவிட்டால் அணி அதே நிபந்தனைகளில் ஓராண்டுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம். புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அந்த வாசகம் இருப்பதால் மறுபடியும் புதுப்பிக்கலாம், இப்படியே முடிவில்லாமல் போகலாம் என்பது உரிமையாளர்களின் வாதம். ஓராண்டு என்றால் ஓராண்டுதான் என்றது சங்கம். டாட்ஜர்ஸின் ஆண்டி மெசர்ஸ்மித், தம்மை வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனை கேட்டு, அது கிடைக்காததால் 1975 முழுவதும் கையெழுத்திடாமலே ஆடினார். 19 வெற்றிகள், 321⅔ இன்னிங்ஸ்.

அவரோடு வழக்கில் நின்றவர் டேவ் மெக்நல்லி. பல நூல்களில் இவர் பெயர் மெசர்ஸ்மித்தின் பெயருக்குப் பின்னால் ஓர் ஒட்டாகவே வருகிறது. அது இவருக்கு நியாயமான இடமன்று. பால்டிமோருக்காக 1968 முதல் 1971 வரை ஆண்டுதோறும் இருபது வெற்றிகளுக்குக் குறையாதவர். 1970 உலகத் தொடரில் மூன்று தளங்களும் நிறைந்திருக்க ஹோம்ரன் அடித்த பந்துவீச்சாளர். உலகத் தொடரில் அதைச் செய்த பந்துவீச்சாளர் வேறு எவரும் இல்லை. 1975இல் மான்ட்ரியலில் கை ஒத்துழைக்காததால் ஜூனில் விலகி, மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் ஓய்வுத்தாளில் கையெழுத்திடவில்லை. மெசர்ஸ்மித் கடைசி நேரத்தில் சமாதானமானாலும் வழக்கு நிற்க வேண்டும் என்று மில்லர் மெக்நல்லியிடம் பெயரை இரவல் கேட்டார், அவரும் இசைந்தார். மான்ட்ரியல் தலைவர் பில்லிங்ஸுக்கே வந்து, கையெழுத்துக்கு 25,000 டாலரும் 1,25,000 டாலர் சம்பளமும் பேசியதாகச் சங்கத்தின் பக்கம் கூறப்படுகிறது. இனி ஆட எண்ணமில்லாதவர் அந்தப் பணத்தை வாங்குவது நேர்மையாகாது என்று மெக்நல்லி மறுத்தாராம்.

தாங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று இரு தரப்பையும் சைட்ஸ் வற்புறுத்திப் பார்த்தார். உரிமையாளர்கள் இறங்கி வரவில்லை. 1975 டிசம்பர் 23 அன்று ஓராண்டு என்றால் ஓராண்டே என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு வெளியான கையோடு அவரைப் பதவியிலிருந்து நீக்கும் கடிதம் வந்தது. கூட்டாட்சி நீதிமன்றங்கள் இரண்டும் 1976 தொடக்கத்தில் தீர்ப்பை உறுதி செய்தன. மெசர்ஸ்மித் அட்லான்டாவில் சேர்ந்தார். உரிமையாளர் டெட் டர்னர் தம் தொலைக்காட்சி நிலையமான 17ஆம் அலைவரிசைக்கு விளம்பரமாக அவருக்கு 17ஆம் எண் சட்டை கொடுத்து, முதுகில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சேனல்’ என்று பொறித்தார். லீக் அதைத் தடுத்தது. அடுத்த ஆண்டே மெசர்ஸ்மித்தின் முழங்கை காயம்பட்டது.

1976 ஜூலை உடன்பாட்டில் ஆறாண்டு என்ற எல்லை வகுக்கப்பட்டது. எல்லாரையும் ஆண்டுதோறும் விடுவித்துவிடலாம் என்று ஃபின்லி சொன்னபோது மில்லர் உள்ளுக்குள் கலங்கினார் என்பர். சந்தையில் ஆட்டக்காரர்கள் குவிந்தால் விலை இறங்கும் என்பதை உரிமையாளர்களில் ஃபின்லி ஒருவரே கண்டுகொண்டார். மற்றவர்கள் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதிய முறையில் முதலில் ஒப்பந்தமானவர் பாஸ்டனுக்குச் சென்ற பில் கேம்பல், அவரும் பந்துவீச்சாளரே.

ரசிகர் விவாதம்

கோடையில் களநடுவரின் தீர்ப்பைப் பற்றியும், குளிர்காலத்தில் கைமாற்றங்களைப் பற்றியும் சண்டையிடுவது அமெரிக்க ரசிகர் வழக்கம். பனிக்காலத்தில் கடைகளின் கணப்பு அடுப்பைச் சுற்றி நடந்த இந்தத் திண்ணைப் பேச்சுக்கு ‘ஹாட் ஸ்டவ் லீக்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1964இல் இளம் ஆட்டக்காரர் லூ பிராக்கைக் கொடுத்து பந்துவீச்சாளர் எர்னி புரோலியோவை வாங்கிய சிகாகோ கப்ஸுக்கு அவர் ஏழே வெற்றிகள் தந்தார். 1971இல் பந்துவீச்சாளர் நோலன் ரயனை விட்டுக்கொடுத்த நியூயார்க் மெட்ஸ், பின்னாளில் அவர் 5,714 ஸ்ட்ரைக்அவுட்டுகள் வரை சென்றதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1987இல் டாயில் அலெக்சாண்டருக்காக இளம் ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்த டெட்ராய்ட் செய்தது தவறா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அலெக்சாண்டர் அங்கே 9-0 என்று வென்று அணியைப் பிரிவு முதலிடத்துக்குக் கொண்டுசென்றார். ஸ்மோல்ட்ஸ் புகழ்மண்டபம் ஏறினார்.

ஃப்ரீ ஏஜென்சி வந்தால் பணக்கார அணிகளே எல்லாக் கோப்பைகளையும் அள்ளும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. 1978 முதல் 1987 வரை பத்து ஆண்டுகளில் பத்து வெவ்வேறு அணிகள் உலகத் தொடரை வென்றன. தக்கவைப்பு விதி முழு வலிமையோடு இருந்த 1949-1964இல் அமெரிக்கன் லீக்கின் 16 பட்டங்களில் 14ஐ யாங்கீஸ் ஒன்றே எடுத்துக்கொண்டது. ஆயினும் பிற்காலத்தைக் காட்டி அச்சம் சரியே என்று வாதிடுவோரும் உள்ளனர்.

பிற்காலம்

1979இல் ரயன் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்ற முதல் ஆட்டக்காரரானார். 1981 வேலைநிறுத்தம் 713 ஆட்டங்களை விழுங்கியது. 1985 முதல் உரிமையாளர்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களுக்காகப் போட்டியிடாமல் இருந்தது மத்தியஸ்தர்களால் உறுதிப்பட்டு, 28 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. 1994இல் மற்றொரு வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே நடக்கவில்லை. 1998இல் பந்துவீச்சாளர் கெவின் பிரவுன் பத்துக் கோடி டாலரைத் தாண்டிய முதல் ஒப்பந்தத்தைப் பெற்றார். 2019 டிசம்பரில் கெரிட் கோலுக்கு 32.4 கோடி டாலர், 2023 டிசம்பரில் பந்துவீச்சும் மட்டைவீச்சும் ஒருங்கே வல்ல ஷோஹெய் ஓட்டானிக்கு 70 கோடி. உரிமையாளர்களின் கதவடைப்புக்குப் பின் 2022 மார்ச்சில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1 வரை.