இருபத்தைந்து ரூபாய் பங்கும் இரண்டு கப்பல்களும்

சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலை நிற்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டவர் அவர். அந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு கம்பெனியின் கதையும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது!

முதலீடு

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். ஆக மொத்தம் 40,000 பங்குகள். ஆசியர்கள் மட்டுமே பங்குதாரராகலாம். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடி - கொழும்பு வழியில் அவை ஓடின.

ரிஸ்க்

எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அது கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. உடனே வெள்ளையர் கம்பெனி இலவசப் பயணம் என்று அறிவித்தது. கூடவே ஒரு குடையும் இனாம்!

இங்கேதான் கணக்கு பார்க்க வேண்டும். கப்பலில் பத்து பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் நிலக்கரிச் செலவும் மாலுமிகள் சம்பளமும் பெரிதாகக் குறையாது. பிரிட்டிஷ் கம்பெனிக்கு இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பல வழிகளில் வருமானம். ஒரு வழியில் நஷ்டப்பட்டாலும் தாங்கும். சுதேசிக் கம்பெனிக்கோ இருந்ததெல்லாம் இந்த ஒரு வழிதான். தேசபக்தி பங்கு வாங்க வைக்கும். ஆனால் தினசரி நஷ்டத்தை ஈடுகட்ட ரொக்கம் வேண்டுமே.

அடுத்த அடி அரசாங்கத்திடமிருந்து வந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் இரண்டு ஆயுள் தண்டனை; மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. ஒரே மனிதரை நம்பி நின்ற நிறுவனம் தள்ளாடியது. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனியிடமே விற்கப்பட்டது. இதைவிடக் கொடுமை உண்டா?

மிச்சம்

வாஞ்சியிடம் கிடைத்த கடிதம் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டலைத்தான் பேசியது. ஆகவே கொலைக்குக் கப்பல் கம்பெனி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சுதேசிக் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்ற கோபம் அன்று திருநெல்வேலிச் சீமையில் பரவியிருந்தது.

லாப நஷ்டக் கணக்கில் சுதேசிக் கம்பெனி தோற்றதுதான். என்றாலும், ஐந்து வருடம்கூட நீடிக்காத ஒரு சிறு கம்பெனியை விரட்ட அவ்வளவு பெரிய நிறுவனம் இலவசமாகக் கப்பல் விட வேண்டியிருந்தது. அந்தச் செலவை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று வணிகவியல் படிக்கும் நண்பர்கள் யோசித்துப் பார்க்கலாம்.