தெல்தோட்டைத் தோட்டங்களும் பெர்குசன் கம்பனியும்: விலைச் செய்தி விற்ற ஒரு நிறுவனத்தின் கதை

கண்டிக்குத் தென்கிழக்கே, கலஹாவுக்கு அப்பால் இருக்கிறது தெல்தோட்டை. இலங்கையில் வர்த்தகப் பயிராக முதன்முதலில் தேயிலை நடப்பட்ட லூல்கந்துர தோட்டம் இப்பகுதியில்தான் உள்ளது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பிருந்தே இம்மலைகள் கோப்பித் தோட்டங்களாக இருந்தன. காடு வெட்டியதும், கன்று நட்டதும், பழம் பறித்ததும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள்.

இத்தோட்டங்களின் பரப்பு, உரிமையாளர், விளைச்சல், லண்டன் சந்தை விலை ஆகியவற்றைத் திரட்டி விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம் கொழும்பில் இருந்தது. அதன் பெயர் ஏ.எம். அன்ட் ஜே. பெர்குசன். இன்றைய நிதிச் செய்தி நிறுவனங்களுக்கு இலங்கையில் ஒரு முன்னோடியைத் தேடினால் அது இதுதான்.

தோற்றம்

1834 பெப்ரவரியில் கொழும்பின் பிரித்தானிய வணிகர்கள் 'ஒப்சேவர் அன்ட் கொமர்ஷியல் அட்வர்டைசர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினர். வர்த்தகம் அதன் பெயரிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு டொக்டர் கிறிஸ்டோபர் எலியட் அதன் ஆசிரியரானார். 1846இல் அலஸ்டயர் மெக்கன்ஸி பெர்குசன் அவருடன் இணைந்து, 1859இல் பத்திரிகையைத் தன்வசமாக்கினார். 1861இல் அவருடைய சகோதரர் மகன் ஜோன் பெர்குசன் வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் தபால் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே வந்தன. லண்டன் விலைச் செய்தியைக் கொழும்புக்கு மற்றவர்களுக்கு முன் கொண்டுவர, 1850களில் ஒப்சேவர் புறாக்களைப் பயன்படுத்தியது. 1850இல் ஜூலியஸ் ரொய்ட்டரும் ஆகன் நகருக்கும் பிரசெல்சுக்கும் இடையே பங்குச் சந்தை விலைகளைப் புறா மூலமே அனுப்பினார். 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்தி வந்ததும் புறாக்களின் வேலை முடிந்தது.

வருமானம் வந்த வழிகள்

பத்திரிகைச் சந்தாவும் விளம்பரமும் மட்டும் இந்நிறுவனத்தை நடத்தவில்லை. திரட்டிய தகவலை அது பல வடிவங்களில் விற்றது.

ஒன்று, பெர்குசன் டிரெக்டரி. ஒவ்வொரு தோட்டத்தின் பெயர், மாவட்டம், பயிரிட்ட ஏக்கர், உரிமையாளர், துரை ஆகிய விபரங்கள் அதில் இருந்தன. முதலீடு செய்பவருக்கும், கடன் கொடுக்கும் வங்கிக்கும், சரக்கு விற்கும் கம்பனிக்கும் அது கைநூல்.

இரண்டு, 1881இல் தொடங்கிய 'ட்ரொபிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்' மாத இதழ். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. சிங்கோனாவா, கொக்கோவா, தேயிலையா என்று தெரியாமல் தவித்த துரைமாருக்கு அந்த இதழ் தேவைப்பட்டது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. இப்படிப்பட்ட காலத்தில் சரியான தகவலுக்கு நல்ல விலை கிடைக்கும்.

மூன்று, கைநூல்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு 'இங்கே வா! அல்லது சின்னத்துரையின் பாக்கெட் தமிழ் வழிகாட்டி'. தோட்டத்துக்குப் புதிதாக வரும் சின்னத்துரை, தொழிலாளரிடம் வேலை வாங்கத் தமிழ் கற்கும் நூல் அது. அந்த வணிகத்தில் தமிழுக்குக் கிடைத்த இடத்தை அதன் தலைப்பே சொல்லிவிடுகிறது.

எழுதப்படாத பெயர்கள்

டிரெக்டரியில் துரையின் பெயர் இருக்கும். கொழுந்து பறித்தவரின் பெயர் இருக்காது. முதலீட்டாளருக்கு அது தேவைப்படவில்லை. தொழிலாளியின் பெயர் இருந்த இடம் தோட்டத்துச் செக்ரோல். அதுவும் துரையின் அலுவலகத்தில் இருந்தது.

இதன் பாரம் பின்னர்தான் தெரிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் 1946 ஜனவரி 1க்கு முன் திருமணமானவர் 7 ஆண்டுகளும் மற்றவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. நூறாண்டாக ஏக்கரும் இறாத்தலும் பிசகாமல் எழுதப்பட்ட நாட்டில், அந்த மக்களிடம் காட்டக் காகிதம் இல்லை. பல இலட்சம் பேர் நாடற்றவர்களாயினர். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குப் போன குடும்பங்கள், இறுதியில் வன்னிப் போருக்குள்ளும் அகப்பட்டன. அங்கே இருந்த காகிதங்களும் போயின.

கைமாறிய கதை

ஒப்சேவர் 1923இல் டி.ஆர். விஜேவர்தனவின் கைக்குப் போனது. அவருடைய லேக் ஹவுஸ் நிறுவனமே 1932இல் தினகரனைத் தொடங்கியது. துரைமாருக்கான விலைச் செய்தியில் வளர்ந்த பத்திரிகை, தமிழ் நாளிதழ் ஒன்றின் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. 1973இல் அரசு அந்நிறுவனத்தைக் கையேற்றது. ட்ரொபிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட் பின்னாளில் விவசாயத் திணைக்கள வெளியீடாயிற்று.

இன்று என்ன பயன்?

பழைய பெர்குசன் டிரெக்டரிகள் சில இணையத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. பாட்டன் பாட்டியின் பெயரை அவற்றில் தேடிப் பயனில்லை. ஆனால் அவர்கள் சொல்லிச் சென்ற தோட்டத்தின் பெயர் தெரிந்தால், அத்தோட்டம் எந்த ஆண்டில் இருந்தது, எவ்வளவு பெரியது, எந்தக் கம்பனிக்குரியது என்பதை அறியலாம். பிறப்பு, இறப்புப் பதிவுகளை எந்தப் பிரதேசத்தில் தேடுவது என்பதற்கும் அது வழிகாட்டும். முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் கேட்டு எழுதி வைப்பதே முதல் வேலை.