சிறுவர் கோதிக் புனைவில் உருவகம்

பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, மறைக்கப்பட்ட குடும்பக் குற்றம், இறந்தும் அகலாத ஆவி ஆகியவற்றைக் கொண்டு அச்சத்தை எழுப்பும் கதைவகை கோதிக் புனைவு எனப்படும். ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட 'தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ' இதன் முதல் நாவலாகக் கொள்ளப்படுகிறது. ஒரு பொருளை இன்னொன்றாகவே காட்டும் உருவகம், கோதிக் புனைவில் ஒரு தொடரோடு நின்றுவிடாமல், பேயாகவும் வீடாகவும் மரமாகவும் உடல்பெற்றுக் கதைக்குள் நடமாடுகிறது. சிறுவருக்கான கோதிக் புனைவின் வரலாறு பெரும்பாலும் இவ்வுருவகம் யாருடைய அச்சத்தைச் சுமந்தது என்பதன் வரலாறே ஆகும்.

அச்சக் கதைகளிலிருந்து பிள்ளைகளை விலக்கிவைக்க வேண்டும் என்ற கருத்து இங்கிலாந்தில் நெடுங்காலம் வலுவாக இருந்தது. ஜான் லாக் 1693இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலில், பணியாளர்கள் பூதங்களைப் பற்றிச் சொல்லிப் பிள்ளைகளை அடக்கிவைப்பது அவர்கள் மனத்தில் எளிதில் நீங்காத அச்சத்தைப் பதித்துவிடும் என எச்சரித்தார். விக்டோரியா காலச் சிறுவர் கதைகளுக்குள் அச்சம் பெரும்பாலும் தண்டனையின் வடிவிலேயே நுழைந்தது. லூசி கிளிஃபோர்ட் 1882இல் வெளியிட்ட 'தி நியூ மதர்' கதையில், ஓர் அந்நியச் சிறுமியின் பேச்சில் மயங்கிக் குறும்பு செய்யும் இரு சகோதரிகளைத் தாய் விட்டுப் பிரிகிறாள். அவளுடைய இடத்துக்குக் கண்ணாடிக் கண்களும் மரவாலும் உடைய புதிய தாய் வந்து சேர்கிறாள். கீழ்ப்படியாவிட்டால் அன்பு பறிபோகும் என்ற பெரியவர்களின் மிரட்டலே இங்கு உருவகமாகியிருக்கிறது. பின்னர் பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் 'தி சீக்ரெட் கார்டன்' (1911), பிலிப்பா பியர்ஸின் 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்' (1958) ஆகிய நாவல்களில் பழைய மாளிகையும் அடைபட்ட தோட்டமும் தனிமையில் வாடும் குழந்தையின் அகத்தைக் குறிக்கத் தொடங்கின. தண்டனை பின்னுக்குப் போயிற்று.

இந்த மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டும் நாவல் நீல் கெய்மனின் 'கோரலைன்' (2002). வேலையில் மூழ்கிய பெற்றோருடன் பழைய வீடொன்றின் ஒரு பகுதிக்குக் குடிவரும் சிறுமி கோரலைன், செங்கற்களால் அடைக்கப்பட்டிருந்த கதவொன்று திறந்து மற்றொரு வீட்டுக்கு வழிவிடுவதைக் காண்கிறாள். அங்குள்ள 'மற்றத் தாய்' சுவையான உணவும் வியப்பான விளையாட்டுப் பொருள்களும் முழுக் கவனமும் தருகிறாள். ஆனால் அங்கேயே தங்குவதற்கு விலையாக, தன்னுடையவை போலவே கோரலைனின் கண்களிலும் கருப்புப் பொத்தான்களைத் தைத்துக்கொள்ளச் சொல்கிறாள். இ. டி. ஏ. ஹாஃப்மனின் 'மணல் மனிதன்' (1816) கதையில் வரும் கண்பறிப்பின் அச்சத்தைச் சிக்மண்ட் பிராய்ட் 1919இல், பழகிய ஒன்றே அந்நியமாகித் திகிலூட்டும் நிலையோடு சேர்த்து விளக்கினார். கெய்மனின் பொத்தான் கண்கள் இம்மரபில் வந்தவையே. பொத்தான் பொம்மைக்கு உரிய கண் ஆதலால், அதை ஏற்கும் குழந்தை தானாகப் பார்க்கும் ஆற்றலை இழந்து மற்றவரின் உடைமையாகிவிடும்; ஏற்கெனவே அகப்பட்ட மூன்று ஆவிக் குழந்தைகள் தம் பெயர்களையே மறந்திருப்பது இதனால்தான். கிளிஃபோர்டின் சகோதரிகளைப் போலக் கோரலைன் குற்றம் எதுவும் செய்தவள் அல்லள். அவளை விழுங்க வருவது அன்பின் பெயரால் பிள்ளையை முழுதாகச் சொந்தமாக்கிக்கொள்ள முனையும் ஆசை. அதை இத்துணைக் கூர்மையாகக் காட்டிய சிறுவர் நாவல்கள் மிகச் சிலவே.

மனத்தின் நோயும் இவ்வாறே உருவம் பெற்றதுண்டு; ஜே. கே. ரௌலிங் 1999இல் வெளியிட்ட மூன்றாம் ஹாரி பாட்டர் நாவலில் வரும் டிமென்டர்கள், மகிழ்ச்சியான நினைவுகளை உறிஞ்சிவிடும் உயிர்களாகப் படைக்கப்பட்டவை. அவை மனச்சோர்வு நோயின் உருவகம் என்பதை ஆசிரியரே கூறியிருக்கிறார்.

பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) உருவகத்தை இன்னும் ஆழமான இடத்துக்குக் கொண்டுசென்றது. மார்பகப் புற்றுநோயால் 2007இல் காலமான ஷிவான் டௌட் விட்டுச்சென்ற கருவிலிருந்து எழுதப்பட்ட இந்நாவலில், தாய் நோயுற்றிருக்கும் கோனர் என்ற சிறுவனிடம் நள்ளிரவு தாண்டி 12.07 மணிக்கு யூ மரம் ஒன்று பேருருக்கொண்டு நடந்துவருகிறது. பல நூற்றாண்டுகள் வாழும் யூ மரம் பிரிட்டனின் தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் பரவலாகக் காணப்படுவது, நச்சுத்தன்மை உடையது, ஆயினும் பாக்ளிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து யூ இன மரமொன்றின் பட்டையிலிருந்தே முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. சாவையும் மருந்தையும் ஒருங்கே தாங்கும் மரத்தைத் தேர்ந்ததால், உருவகம் வெளியிலிருந்து ஒட்டவைத்ததாக இல்லாமல் மரத்தின் இயல்பிலிருந்தே முளைக்கிறது. மரம் மூன்று கதைகளைச் சொல்லிவிட்டு, நான்காவதைக் கோனரே சொல்ல வேண்டும் என்கிறது. தாய் பிழைக்க வேண்டும் என்பதோடு, இந்த வேதனை எப்படியாவது முடிந்துவிட வேண்டும் என்றும் அவன் உள்ளூர விரும்பியதே அந்தக் கதை. அதற்காகப் பூதம் அவனைத் தண்டிப்பதில்லை. ஜிம் கே வரைந்த ஓவியங்களுடன் வெளிவந்த இந்நூல் 2012இல் எழுத்துக்கான கார்னகி பதக்கத்தையும் ஓவியத்துக்கான கேட் கிரீனவே பதக்கத்தையும் ஒருசேரப் பெற்ற முதல் நூலாயிற்று.

மரமே மீண்டும் மைய உருவகமாவது பிரான்சஸ் ஹார்டிங்கின் 'தி லை ட்ரீ' (2015) நாவலில். பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்த அடுத்த பத்தாண்டில் நிகழும் இக்கதையில், இருளில் வளரும் செடியொன்று தன்னிடம் கிசுகிசுக்கப்படும் பொய்களை உண்டு வாழ்கிறது. பொய் எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவுக்கு அது செழித்து, உண்மையொன்றைக் காட்டும் கனியைத் தருகிறது. அறிவியல் கற்க விரும்பியும் பெண் என்பதால் ஒதுக்கப்படும் பெய்த், தந்தையின் மரணத்துக்குக் காரணம் அறிய அச்செடியை நாடுகிறாள். ஊரின் வதந்தி, தந்தையின் ஏமாற்று, அறிவை அடைய அவள் தரும் விலை ஆகிய மூன்றையும் ஒரே செடி தாங்குவதால், இதை ஒற்றைப் பொருளுக்குச் சுருக்குவது இயலாது. இக்கால எழுத்தின் முதிர்ச்சிக்கு இதுவே சிறந்த சான்று. இந்நாவல் 2015ஆம் ஆண்டுக்கான கோஸ்டா விருதுகளில் ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்வு பெற்றது. பிலிப் புல்மனின் 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' நாவலுக்குப் பின் அந்தப் பரிசைப் பெற்ற இரண்டாவது சிறுவர் நூல் இதுவாகும்.