பெயர்ந்தோர் பெற்ற பெயர்கள்

தமிழில் ‘பெயர்’ என்னும் சொல் இரு பொருள் தரும். பெயர்ச்சொல்லாக நிற்கும்போது ஒருவரை அழைக்கும் குறியைச் சுட்டும். வினையாக வரும்போது இடம்விட்டு நீங்குதலைச் சுட்டும். நாடுவிட்டுப் பெயர்ந்த தமிழரின் வரலாற்றில் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொடர்ந்தே வந்துள்ளன. அவர்களுக்குக் காலந்தோறும் ஒரு பெயர் வாய்த்தது. அப்பெயரை இட்டவர் யார், அதனால் விளைந்தது யாது என்பன எண்ணிப் பார்க்கத்தக்கவை.

‘புலம்பெயர்தல்’ பழந்தமிழ்ச் சொல்லே. காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைக் கூறும் பட்டினப்பாலையில், பிற நாடுகளிலிருந்து வந்து அந்நகரில் வாழ்ந்த வேற்றுமொழியாளரை அது குறித்தது. அன்று வந்தவர் அயலார், இடமளித்தவர் தமிழர். 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்திற்குப் பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்ற ஈழத்தமிழர் தம்மைச் சுட்ட அதே சொல்லைப் பரவலாக வழங்கலாயினர். சொல் மாறவில்லை, அச்சொல்லுக்கு உரியோர் மாறினர்.

மலாயாவின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தின்பேரில் கொணரப்பட்டோர் ‘சஞ்சிக்கூலிகள்’ எனப்பட்டனர். ‘ஜஞ்சி’ என்னும் மலாய்ச் சொல் வாக்குறுதியையும் உடன்படிக்கையையும் குறிக்கும். கூலி என்பதோ உழைப்புக்குத் தரும் ஊதியம். ஊதியத்தின் பெயரே உழைப்பவனின் பெயராயிற்று. அவனுடைய ஊரும் உறவும் கைத்திறனும் அதனுள் மறைந்தன. ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910ஆம் ஆண்டில் ஒழிந்தது. கங்காணிகள் வழி ஆள் திரட்டும் முறை அதன் பின்னும் நீடித்தது. 1938ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது.

இம்முறைகள் யாவும், தொழிலாளி என்றேனும் திரும்பிச் செல்வான் என்னும் எண்ணத்தின்மேல் எழுந்தவை. 1930ஆம் ஆண்டையொட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரவர் கப்பலேற்றப்பட்டனர். தொழிலாளர் நாவில் அது ‘ஊருக்குப் போதல்’. அரசுக் கோப்பில் அது ‘திருப்பி அனுப்புதல்’. இலக்கணம் கற்பிப்போர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். முன்னதில் தொழிலாளி எழுவாய். பின்னதில் அவன் செயப்படுபொருள். நாடு 1957ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. குடியுரிமை பெறாதோர்க்கு 1969ஆம் ஆண்டில் வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் விதி நடப்புக்கு வந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

பெயர் ஒன்றே வாழ்வை முடிவுசெய்யும் என்பதை இலங்கை மலைநாட்டில் இன்னும் தெளிவாகக் காணலாம். அங்குத் தோட்டங்களில் உழைத்தோர் 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு முதல் ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியே எண்ணப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோர் ஆயினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி உடன்பாடு 9,75,000 பேரின் எதிர்காலத்தைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974ஆம் ஆண்டில் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

அவ்வாறு இந்தியாவுக்கு வந்தோர்க்குத் தமிழகத்தில் வழங்கிய பெயர் ‘தாயகம் திரும்பியோர்’ என்பது. இனிய பெயர்தான்; ஆயினும் உண்மையானதா? திரும்புதற்கு முன்பு புறப்பட்டிருத்தல் வேண்டும். அவர்களுள் பலர் தேயிலை மலையிலேயே பிறந்தவர்கள். தாய் பெற்ற இடமும் பாட்டனைப் புதைத்த இடமும் அங்கேயே இருந்தன. அவர்கள் திரும்பவில்லை, முதன்முறையாகப் பெயர்ந்தார்கள். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றோரை அக்கம்பக்கத்தார் ‘சிலோன்காரர்’ என்றே அழைத்தனர். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன்காரர்!

1983ஆம் ஆண்டுக்குப் பின் படகேறித் தமிழகம் வந்தோருள்ளும் மலையக வழியினர் இருந்தனர். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘அகதி’. கதியற்றவர் என்பது பொருள். ஒரே தோட்டத்து வழியினருள் உடன்பாட்டின்படி வந்தவர் ‘திரும்பியோர்’ ஆகிக் குடியுரிமை பெற்றார். கலவரத்துக்கு அஞ்சி வந்தவர் ‘அகதி’ ஆகி முகாமில் தங்கினார். இருவரின் பாட்டன்மாரும் ஒரே வழியே நடந்து சென்றவர்களாயிருக்கலாம். வேறுபட்டது சொல் ஒன்றே. அதனுடன் வாழ்வும் வேறுபட்டது.

இலங்கையில் நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. அதற்கு முன்பே அம்மக்கள் தமக்கெனத் தாமே ஒரு பெயரைச் சூடிக்கொண்டிருந்தனர்: ‘மலையகத் தமிழர்’. அதில் வந்த வழியைப் பற்றிய குறிப்பு இல்லை. போக வேண்டிய திசையும் இல்லை. வாழும் மண்ணின் பெயரும் பேசும் மொழியின் பெயருமே உள்ளன.

வரலாற்று நூலில் ‘குடியேறி’, ‘கூலி’, ‘திரும்பியோர்’ என்னும் சொற்களைக் காணும் மாணவர், பொருள் அறிவதோடு நின்றுவிடலாகாது. அச்சொல் யார் வாயிலிருந்து பிறந்தது என்றும் வினவுதல் வேண்டும். பெயர்ந்தவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரில்தான் அவர்களின் வரலாறு அவர்களுடையதாகத் தொடங்குகிறது.