மைலோவின் கைகள்

பழைய ரோமாபுரியின் பெரிய பேச்சாளரான சிஸரோ, கி.மு. 44-ல், தமது 62-வது வயதில், முதுமையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 84 வயதுக் கிழவரான கேட்டோ, இரண்டு வாலிபர்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பேசுவது போல அமைந்த நூல். முதுமை அப்படியொன்றும் பயப்பட வேண்டிய சமாசாரம் அல்ல என்று தைரியம் சொல்வதற்காக எழுதப்பட்டது. அதில் போகிற போக்கில் ஒரு மல்லனின் கதை வருகிறது. நூலில் மற்றதெல்லாம் மறந்தாலும் அந்த மல்லனை என்னால் மறக்க முடிவதில்லை.

மைலோ என்பது அவன் பெயர். தென் இத்தாலியில் குரோட்டன் என்ற கிரேக்க நகரத்துக்காரன். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் இருந்தவன். ஒலிம்பியாவில் ஆறு தடவை வெற்றி மாலை சூடியவன். ஒரு கன்றுக்குட்டியைத் தினந்தோறும் தூக்கிக்கொண்டு நடந்தானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே தூக்கிவிட்டானாம். கதைதான். ஆனாலும் அந்தக் கன்றைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மைலோ கிழவனான பிறகு ஒரு நாள், மல்லர்கள் பயிற்சி செய்யும் இடத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து தன் கைகளைப் பார்த்தான். கைகளுக்கு உயிர் போய்விட்டது என்று சொல்லி அழுதுவிட்டான்.

கேட்டோவுக்கு இந்த அழுகை பிடிக்கவில்லை. உடம்பைத் தவிர வேறு பெருமை தேடிக்கொள்ளாதவனுக்கு இந்தக் கதிதான் நேரும் என்கிற பாவனையில் கண்டிக்கிறார். வாலிபத்தில் யானையின் பலம் நமக்கு இல்லையே என்று ஏங்காத மனுஷன், கிழவயதில் வாலிபனின் பலத்துக்கு ஏன் ஏங்க வேண்டும் என்பது அவர் கட்சி. மிதமான தேகப்பயிற்சியும் அளவான சாப்பாடும் வேண்டும் என்று அதே நூலில் சொல்லியிருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. இருந்தாலும் இந்த வழக்கில் நான் மைலோவின் பக்கம்தான். அவன் தத்துவம் பேசவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னான். அவன் கண்டதை வைத்தியர்கள் சரியாகப் பார்ப்பதற்கு இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷங்கள் ஆயின.

ஏன் அத்தனை தாமதம்? எல்லா வீட்டிலும் நடக்கிற விஷயத்தை யாரும் பார்ப்பதில்லை. நம் பாஷையில் தள்ளாமை என்று ஒரு சொல் இருக்கிறது. கண் மங்கினாலும் தள்ளாமை, கால் பின்னினாலும் தள்ளாமை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டோம். அவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தாத்தா எழுந்திருக்க முயன்றால், “நீங்க உட்காருங்கோ தாத்தா” என்று தண்ணீர்ச் செம்பைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அது மரியாதை, அதில் சந்தேகமில்லை.

1931-ல் லண்டனில் மக்டொனால்ட் கிரிட்ச்லி என்ற நரம்பு வைத்திய நிபுணர், வயதானவர்களின் கை கால் தசைகள் வற்றிப்போவதைக் குறித்து எழுதினார். அதற்குப் பிறகும் வெகுநாள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. விஷயம் சூடு பிடித்தது 1988-ல்தான்.

அந்த வருஷம் ஸ்வீடனில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஆரோக்கியமாக இருந்து இறந்துபோன 43 ஆண்கள். 15 வயதிலிருந்து 83 வயது வரை. ஒவ்வொருவருடைய தொடைத் தசை ஒன்றையும் முழுதாக எடுத்து, குறுக்கே மெல்லிய வில்லையாக வெட்டி, அதிலுள்ள நார்களை எண்ணினார்கள். பொறுமை இருந்தால் மட்டும் செய்யக்கூடிய வேலை. தேய்மானம் 25 வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது என்று தெரிந்தது! இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் தசையின் பரப்பில் சராசரி 40 சதவிகிதம் போய்விடுகிறது. நார்கள் மெலிவது ஒரு பங்குதான். பெரும்பாலும் நார்களே இல்லாமல் போகின்றன. முதுகுத் தண்டிலுள்ள ஒவ்வொரு நரம்பு அணுவும் ஒரு கூட்டம் நார்களை ஆண்டுகொண்டிருக்கிறது. வயதாக ஆக இந்த எஜமானர்களில் சிலர் இறந்துபோகிறார்கள். அநாதையான நார்களில் கொஞ்சத்தைப் பக்கத்து நரம்பு தத்து எடுத்துக்கொள்கிறது; மற்றவை வற்றி மறைகின்றன. மிஞ்சுகிறவற்றிலும் அதிகமாக மெலிவது, சட்டென்று வேலை செய்யும் வேக நார்களே. கால் வழுக்கும்போது நம்மை நிறுத்திப் பிடிப்பவை அவை.

அதே 1988-ல் அமெரிக்காவில், நியூ மெக்ஸிகோ ராஜ்யத்து அல்புகர்க்கி நகரில், வயோதிகர்களின் போஷாக்கைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. பாஸ்டனில் முதுமை ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தலைவராக இருந்த இர்வின் ரோஸன்பர்க் அதில் முடிவுரை சொன்னார். இந்தத் தேய்வைப் போல வாழ்க்கையைப் பாதிக்கும் வேறு தேய்வு இல்லை, அப்படியிருந்தும் இதற்கு ஒரு பெயர்கூட இல்லை, அதனால்தான் ஒருவரும் கவனிப்பதில்லை என்பது அவர் குறை. கிரேக்க மொழியிலிருந்து இரண்டு பெயர்களைத் தாமே சொன்னார். ஸார்க்கோமலேஸியா என்பது ஒன்று. தசை இளகிப்போவது என்று அர்த்தம். ஸார்க்கோபீனியா என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் நிலைத்தது. ஸார்க்ஸ் என்றால் சதை. பீனியா என்றால் வறுமை. கிரேக்கப் புராணத்தில் பீனியா ஒரு பெண். பிளேட்டோவின் நூலில் அவள் காதல் தேவனுக்குத் தாயாகவே வருகிறாள். பாத்திரத்துக்குப் பெயர் கிடைக்காமல் நாட்கணக்கில் திண்டாடியிருக்கிற எனக்கு இந்த ஞானஸ்நானத்தில் கொஞ்சம் பொறாமை உண்டு.

வறுமை என்ற சொல் பொருத்தமானதுதான். தசை நடப்பதற்கும் தூக்குவதற்கும் மட்டும் ஏற்பட்டதல்ல. உடம்பின் கஜானா அது. காய்ச்சலில் படுத்தாலும், காயம் ஆற வேண்டியிருந்தாலும், பட்டினி கிடந்தாலும், புரதம் அங்கிருந்துதான் எடுத்துச் செலவழிக்கப்படுகிறது. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதும் தசைதான். கஜானா காலியானவருக்குச் சின்ன வியாதியும் பெரிய வியாதியாகிவிடுகிறது. படுக்கையோ கஜானாவில் விழுந்த ஓட்டை. 2007-ல் அமெரிக்காவில், வியாதி ஒன்றுமில்லாத முதியவர்களைப் பத்தே நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ சதை குறைந்துவிட்டது.

இனி அந்தக் கன்றுக்குட்டிக்கு வருவோம். பாஸ்டனில் முதியோருக்கான ஒரு மருத்துவ விடுதி. மரியா ஃபியாட்டரோன் என்ற பெண் டாக்டர், அங்கே இருந்தவர்களில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டார். வயது 86 முதல் 96 வரை. ஆளுக்குப் பல வியாதிகள். அவர்களைக் காலால் பளு தூக்கச் சொன்னார். விளையாட்டுப் பளு அல்ல. ஒரே தடவை தூக்க முடிகிற உச்ச பளு எவ்வளவோ, அதில் 80 சதவிகிதம். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். பலம் ஏற ஏறப் பளுவையும் ஏற்றினார். மாரடைப்பு வரும், எலும்பு முறியும் என்று பார்த்தவர்கள் பதறியிருப்பார்கள்; நானாயிருந்தால் பதறியிருப்பேன். ஒன்பது பேர் கடைசிவரை செய்து முடித்தார்கள். முடிவு 1990-ல் பிரசுரமாயிற்று. கால் பலம் சராசரி 174 சதவிகிதம் கூடியிருந்தது. தொடைத் தசை 9 சதவிகிதம் பருத்திருந்தது. கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாதவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து நின்றார். இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள்.

1994-ல் நூறு பேரை வைத்து அதே டாக்டர் மறுபடியும் செய்தார். அந்தத் தடவை சிலருக்குச் சத்துப் பானம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கன்றைத் தூக்காமல் பானத்தை மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை.

அமெரிக்க வைத்தியர்களின் வியாதிப் பட்டியலில் ஸார்க்கோபீனியாவுக்குத் தனி எண் கிடைத்தது 2016-ல். பெயர் வைத்து 28 வருஷம் கழித்து. ஆஸ்பத்திரிகளில் கைப்பிடியின் இறுக்கத்தைக் கருவியால் அளக்கிறார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்கிறார்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் சந்தேகப்படுகிறார்கள்.

1990 பரிசோதனையில் ஒரு விவரத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன். எட்டு வாரம் முடிந்ததும் பயிற்சியை நிறுத்திவிட்டு, நான்கு வாரம் கழித்து அந்தக் கிழவர்களை மறுபடியும் அளந்து பார்த்தார்கள். பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.