கொடி ஏற்றுபவரும் கரை வெட்டுபவரும்: வங்கதேசக் கடலோரத்தில் சமூகப் பங்கேற்பின் செலவுக் கணக்கு

1970 நவம்பர் 12 இரவு போலாப் புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கடலோரத்தில் பலிகொண்டவர்கள் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கரையில் ஏறிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். 2007 நவம்பரில் வந்த சித்ர் புயலில் சுமார் 3,400 பேர். 2020 மே மாதம் ஆம்பன் வந்தபோது, கொரோனாக் கெடுபிடிக்கு நடுவிலும், 24 லட்சம் பேர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வங்கதேசத்தில் இறந்தவர்கள் 30 பேரைத் தாண்டவில்லை. பேரிடர் மேலாண்மைக் கருத்தரங்குகளில் இந்த இறங்குவரிசை தவறாமல் திரையில் வரும். அடியில் 'சமூகப் பங்கேற்பின் வெற்றி' என்றும் எழுதியிருக்கும்.

எண்களில் எனக்கு ஐயமில்லை. அடியில் எழுதியிருக்கும் அந்தச் சொற்றொடர் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதே நாட்டின் தென்மேற்கில், குல்னா, ஜெசூர் மாவட்டங்களில், மக்களே கண்டுபிடித்த ஒரு தகவமைப்பு முறையை அரசு ஏற்றெடுத்து, 'பங்கேற்பு' முத்திரையோடு நடத்தி, சில ஆண்டுகளில் கைநழுவ விட்டது. இரண்டுமே சமூகத்தை நம்பிய திட்டங்கள். ஒன்று அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது, மற்றொன்று ஊர்ச்சண்டையில் முடிந்தது. மக்களின் ஆர்வம், விழிப்புணர்வு, பயிற்சி ஆகியவற்றில் இந்த வேறுபாட்டுக்கான காரணத்தைத் தேடுவது வழக்கம். திட்டத்துக்காக யார் எதைக் கொடுத்தார்கள், எவ்வளவு காலம் கொடுக்க வேண்டியிருந்தது, பலனை அனுபவித்தவர் யார் என்ற கணக்கில் தேடினால் விடை தெளிவாகக் கிடைக்கிறது.

முதலில் நின்ற திட்டத்தைப் பார்ப்போம். புயல் ஆயத்தத் திட்டம் 1972இல் செஞ்சிலுவை அமைப்புகளின் முயற்சியாகத் தொடங்கியது. சர்வதேச உதவியோடு தொடங்கும் எந்தத் திட்டத்துக்கும் வரும் கேள்வி இதற்கும் வந்தது: பணம் தருபவர்கள் போனபின் என்ன செய்வது? 1973 ஜூலையில் புதிய வங்கதேச அரசு ஒரு முடிவெடுத்தது. ஆண்டுதோறும் வரும் நடைமுறைச் செலவில் ஒரு பகுதியைத் தானே ஏற்றது. அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து நிர்வகிக்கக் கொள்கைக் குழு, செயலாக்கக் குழு என இரண்டை அமைத்தது. போரில் சிதைந்து, கருவூலம் காலியாகக் கிடந்த நாடு அது. வயர்லெஸ் கருவிக்கும், அதைப் பழுதுபார்ப்பவருக்கும், வட்டார அலுவலரின் சம்பளத்துக்கும் ஒவ்வோர் ஆண்டும் பணம் ஒதுக்குவதில் கவர்ச்சி ஏதுமில்லை. திறப்பு விழா நடத்த முடியாது, கல்வெட்டும் வைக்க முடியாது. இத்திட்டம் பற்றிய ஆய்வுகளில் தன்னார்வலர்களுக்குப் பக்கம் பக்கமாகப் பாராட்டு உண்டு. இந்த வரவுசெலவு முடிவு பெரும்பாலும் ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. என் கணிப்பில் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. வானிலைத் துறையின் எச்சரிக்கை டாக்காவிலிருந்து வயர்லெஸ் வழியாக வட்டார அலுவலகத்துக்கும், அங்கிருந்து கிராமக் குழுவுக்கும் போகும். அபாய எண் 4 என்றால் ஒரு கொடி, 5 முதல் 7 வரை இரண்டு கொடி, 8 முதல் 10 வரை மூன்று கொடி. மூன்று கொடி ஏறியதும் தன்னார்வலர்கள் கைமெகாபோனும் கைச்சைரனுமாக வீடு வீடாகப் போவார்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள், எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். ஏனென்றால் அவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எச்சரிக்கை, புகலிடம், மீட்பு, முதலுதவி, நிவாரணம் என்று குழுவுக்குள் வேலை பிரிக்கப்பட்டிருக்கும். தன்னார்வலரிடம் திட்டம் கேட்பது ஆண்டில் சில நாட்களை. புயல் வந்தால் அந்த ஒன்றிரண்டு இரவுகளை. கைம்மாறாக அவருக்கு ஊரில் ஒரு மதிப்பு கிடைக்கிறது. அவர் காக்கும் வீடுகளில் அவருடைய வீடும் ஒன்று. கொடுப்பதும் பெறுவதும் ஒரே கையில் இருக்கிறது, கொடுப்பது தாங்கக்கூடிய அளவில் இருக்கிறது.

இறப்பு குறைந்ததன் புகழ் முழுவதும் தன்னார்வலருக்கே என்று சொல்ல முடியாது. 1991க்குப் பிறகு நூற்றுக்கணக்கில் கான்கிரீட் புகலிடங்கள் எழுந்தன. பல பள்ளிக்கூடங்களாகவும் பயன்படுகின்றன. செயற்கைக்கோள் வந்தது, கைபேசி வந்தது, சாலைகள் மேம்பட்டன. சித்ர் புயலின் வேகத்தைச் சுந்தரவனம் ஓரளவு தாங்கியது. ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே அளந்து சொல்லும் ஆய்வு எளிதல்ல. ஆனால் புகலிடம் இருந்தும் போகாதவர்கள் 1991இல் ஏராளம். குறிப்பாகப் பெண்கள். அந்த இரவில் இறந்தவர்களில் பெண்களின் பங்கு ஆண்களைவிட வெகுவாக அதிகம் என்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கணவன் வராமல் வீட்டைவிட்டுக் கிளம்பத் தயக்கம், கைக்குழந்தைகள், ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் கூடத்தில் ஒதுங்க மறைவிடமோ கழிப்பறையோ இல்லாமை என்று காரணங்கள் அடுக்கடுக்காக வந்தன. அறிவிக்கப் போனவர்களும் ஆண்களே; வீட்டுக்குள் இருக்கும் பெண்ணிடம் அந்நிய ஆணின் குரல் எவ்வளவு தூரம் செல்லும்? இதற்குப் பிறகே குழுக்களில் பெண்கள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டார்கள். இன்றைக்குச் சுமார் 76,000 தன்னார்வலர்களில் பாதிப்பேர் பெண்கள்.

இதை 'சமூகம் தானாகத் திருந்தியது' என்று படிப்பது தவறு. ஊரின் போக்குக்கு விட்டிருந்தால் குழுக்கள் இன்றும் ஆண்கள் குழுக்களாகவே இருந்திருக்கும். இத்தனை இடம் பெண்களுக்கு என்று மேலிருந்து விதி வந்தது. அதைச் சொல்லும் அதிகாரம் நிர்வாகத்துக்கு இருந்தது, ஏனெனில் செலவில் அது பங்கேற்றிருந்தது. உள்ளூரை மதிப்பதற்கும் உள்ளூர் ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவைப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை இத்திட்டம் காலதாமதமாகவேனும் கடந்தது.

இனி தென்மேற்குக்கு வருவோம். இங்கே ஆபத்து ஒரே இரவில் வருவதில்லை. ஆற்றோட்டமும் கடல் ஓதமும் கலக்கும் இந்த நிலத்தில் ஜமீன்தார் காலத்தில் எட்டுமாதக் கரை என்ற ஏற்பாடு இருந்தது. உப்புநீரைத் தடுக்க எட்டு மாதம் மண்கரை நிற்கும், மழைக்காலத்தில் அதைத் திறந்துவிட்டால் ஓதநீர் வண்டலைச் சுமந்து வயலில் பரப்பும். 1960களில் அமெரிக்க உதவியோடு வந்த கடலோரக் கரைத் திட்டம் இதற்கு முடிவு கட்டியது. நிரந்தரக் கரைகள் சூழ்ந்த போல்டர்கள் உருவாயின. இன்று அவற்றின் எண்ணிக்கை 139. முதல் சில ஆண்டுகள் நெல் அமோகமாக விளைந்தது. பிறகு கோளாறு தெரிந்தது. வயலுக்குள் வரவேண்டிய வண்டல் ஆற்றுப்படுகையிலேயே படிந்தது. ஆறு மேடானது, வயல் பள்ளமானது. சுந்தரவனத்தை ஒட்டிய 32ஆம் போல்டரின் நிலம் பக்கத்துக் காட்டைவிட 1 முதல் 1.5 மீட்டர் தாழ்ந்துவிட்டதாக அளந்திருக்கிறார்கள். மழைநீர் வடிய வழியில்லை. 1980களிலிருந்து குல்னா, ஜெசூர் கிராமங்கள் மாதக்கணக்கில் தேங்கிய நீரில் கிடந்தன.

மக்கள் செய்தது, பொறியியல் நூல்களின்படி, குற்றம். 1990இல் டாக்கடியா பீலிலும், 1997இல் பைனா பீலிலும் ஊர்க்காரர்கள் கரையை வெட்டினார்கள். பீல் என்பது ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் பரந்த தாழ்நிலம். வெட்டிய வாய் வழியே நாள்தோறும் இருமுறை ஓதம் உள்ளே புகுந்து வண்டலை இறக்கிவிட்டு, திரும்பும்போது ஆற்றுப்படுகையை அரித்துக்கொண்டு போனது. சில ஆண்டுகளில் பைனா பீலின் தரை உயர்ந்தது, ஹரி ஆறு பல மீட்டர் ஆழமானது. சுற்றுக் கிராமங்களில் நீர் வடிந்தது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் அப்போது நடந்துகொண்டிருந்த வடிகால் திட்டம் பெரிய மதகுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. மக்களின் அழுத்தமும் ஆய்வு முடிவுகளும் சேர்ந்து, கடைசியில் அதிகாரிகளும் இந்த முறையை ஏற்றார்கள். ஓத ஆற்று மேலாண்மை என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. கடல்மட்டம் உயரும் காலத்தில் நிலத்தையும் சேர்த்து உயர்த்தும் முறை இது. காலநிலைத் தகவமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு உலகத்தில் அதிகமில்லை.

ஒரே ஒரு சிக்கல். ஓதம் உலவும் சில ஆண்டுகளும் அந்தப் பீலில் பயிர் வைக்க முடியாது. கேடாரியா பீலைத் தொடர்ந்து 2006இல் கிழக்குக் குக்சியா பீல் திறக்கப்பட்டபோது இந்தக் கேள்வி முழு உருவில் எழுந்தது. பலன் பெறுவது ஆற்றின் இருகரையிலும் உள்ள பல கிராமங்கள், நிலத்தைக் கொடுப்பதோ ஒரே பீலின் உழவர்கள். இழப்பீடு உண்டு என்று அரசு அறிவித்தது. அறிவிப்புக்கும் கைக்குப் பணம் வருவதற்கும் நடுவே மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருந்தது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், பாகப்பிரிவினை பதிவாகியிருக்காது, பங்குதாரர்கள் நான்கைந்து பேர் நாலா திசையில் இருப்பார்கள். ஆவணங்களைத் திரட்ட ஆகும் அலைச்சலும் கைச்செலவும் பார்த்துப் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. வார உழவருக்கோ காட்டுவதற்குக் காகிதமே கிடையாது. விளைச்சலில் பாதிக்குப் பயிரிட்டு வந்த அவர் அந்த ஆண்டுகளில் கூலிக்குப் போனார், அல்லது ஊரைவிட்டே போனார்.

வண்டலும் சமமாக விழவில்லை. கரை வெட்டிய வாயருகே மேடு குவிந்தது. பீலின் கடைக்கோடியில் பள்ளம் பள்ளமாகவே கிடந்தது. ஒரே பீலில், ஒரே காலம் நிலத்தை இழந்த இருவரில் ஒருவருக்குக் கிடைத்தது புதுநிலம், மற்றவருக்குக் கிடைத்தது சேறு. இறால் பண்ணைக் குத்தகைதாரர்களின் நலன் இன்னொரு பக்கம் இழுத்தது. 2012இல் அடுத்த பீலான கபாலியாவைத் திறக்கப் போனபோது உழவர்கள் எதிர்த்து நின்றார்கள். மோதலில் வாகனங்கள் எரிந்தன, திட்டம் நின்றது. 21 கண் கொண்ட பவதஹா மதகின் முன்னே வண்டல் மறுபடி குவிந்தது. அபய்நகர், மணிராம்பூர், கேசப்பூர் வட்டாரங்களில் நீர்த்தேக்கம் திரும்பியது. 'மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை' என்று இதற்கு விளக்கம் சொல்லக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. அந்த முறையைக் கண்டுபிடித்தவர்களே அந்த மக்கள்தாம்.

இரண்டையும் அருகருகே வைத்தால் என் வாதம் துலங்கும். கொடி ஏற்றுபவர் கொடுப்பது சில இரவுகள்; கரை வெட்டச் சம்மதிப்பவர் கொடுப்பது சில ஆண்டுகளின் சோறு. முன்னதில் தொடர்செலவை அரசு 1973லேயே தன் கணக்கில் எழுதிக்கொண்டது. பின்னதில் தொடர்செலவு 'மக்கள் பங்களிப்பு' என்ற தலைப்பில் உழவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது. பங்கேற்பு என்ற சொல் இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டிவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இது புதிய கதையல்ல. ஏரி, கால்வாய்களை ஊரே பராமரிக்கும் குடிமராமத்தை நாம் பொற்காலமாக நினைவுகூர்கிறோம். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. மராமத்து உழைப்பு ஊர்வழக்கம்தான் என்றால் அதற்குச் சட்டத்தின் கட்டாயம் எதற்கு? அரசு தன் பராமரிப்புச் செலவை வழக்கத்தின் பெயரால் குடிகள் மேல் ஏற்ற முயன்றதையும், அந்த உழைப்புக்குள் சாதிப் படிநிலை வேலை செய்ததையும் டேவிட் மோஸ் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்றுண்டு. எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தால் தன்னார்வம் செத்துவிடும், ஊர் அரசின் கையை எதிர்பார்க்கும் என்பார்கள். புயல் ஆயத்தத் திட்டம் தன்னார்வலருக்குச் சம்பளம் தருவதில்லை என்பதும் மெய். ஆனால் மெகாபோனின் மின்கலத்தை அவர் தன் பணத்தில் வாங்க வேண்டியிருந்தால் எத்தனை ஆண்டு ஓடியிருக்கும்? தன்னார்வம் நிற்பதற்கே ஒரு சம்பளப் பட்டியலும் பழுதுபார்ப்புச் செலவும் அடியில் இருக்க வேண்டியிருக்கிறது. உள்ளூர் தலைமையிலான தகவமைப்பு என்ற கருத்தை உலக அரங்கில் ஓயாமல் முன்வைத்த, 2023இல் மறைந்த டாக்கா அறிஞர் சலீமுல் ஹக், பணமும் முடிவெடுக்கும் உரிமையும் உள்ளூருக்குப் போகவேண்டும் என்றுதான் வாதாடினார். அவர் வாதத்தில் முதல் பாதியை நிர்வாகங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன.

இறப்பு எண்ணிக்கையை மட்டும் வெற்றிக்கு அளவுகோலாக வைப்பதும் இந்த மறதிக்குத் துணைபோகிறது. 2009 மே 25இல் வந்த ஐலாப் புயலில் வங்கதேசத்தில் இறந்தவர்கள் சுமார் 190 பேர். பழைய எண்களோடு ஒப்பிட்டால் சாதனை. ஆனால் 32ஆம் போல்டரின் உடைப்புகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அடைபடவில்லை. உயிர் தப்பியவர்கள் கரைமேட்டில் குடிசை போட்டு, கண்முன் வயலில் ஓதம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பேரிடர் அமைச்சகத்தின் கணக்கில் அது முடிந்துபோன புயல். நீர்வளத் துறையின் கணக்கில் நிலுவையிலிருக்கும் கரைவேலை. காலநிலை அமைச்சகத்தின் கணக்கில் இனி எழுதவேண்டிய திட்ட வரைவு. கரைமேட்டுக் குடும்பத்துக்கு மூன்றும் ஒன்றே.

பீல்களை மறுபடி திறக்கும் யோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது. நிலவியல் நோக்கில் வேறு நல்ல வழியும் தெரியவில்லை. அப்படியானால் மேலாண்மை மாறவேண்டிய இடம் தெளிவு. ஓதம் உலவும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பயிரிழப்பு, கரை வெட்டும் முன்பே, திட்டச் செலவின் முதல் இனமாகக் கையில் சேரவேண்டும். பட்டாவுக்குப் பதில் பயிர்செய்ததற்கு ஊரறிந்த சாட்சியே போதும் என்று விதி வேண்டும். வார உழவருக்குத் தனிப் பங்கு வேண்டும். வண்டல் எட்டாத கடைக்கோடி நிலத்துக்குக் கூடுதல் ஈடு வேண்டும். இவை இல்லாமல் கரையை வெட்டக் கேட்கும் எந்தத் திட்டத்துக்கும், எத்தனை ஊர்க்கூட்டத் தீர்மானங்கள் இணைத்திருந்தாலும், ஒப்புதல் தரக்கூடாது.