ஒரே கணினி, இரண்டு இயங்குதளம்: ஒரு சிறு வரலாறு

ஆசிரிய நண்பர்களே, 1983-இல் ஐ.பி.எம். பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் வன்தட்டோடு வந்தது. கூடவே வந்த டாஸ் 2.0, தட்டின் முதல் 512 பைட்டுக்குள் ஒரு சின்னப் பட்டியலை வைத்தது. அதில் நான்கு பாகங்களுக்கு இடம். ஒரே தட்டில் வெவ்வேறு இயங்குதளங்கள் குடியிருக்க இது வழி விட்டது.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். விண்டோஸை விடவும் மனசில்லை, லினக்ஸையும் பார்க்கணும் என்றவர்களுக்கு லிலோ கைகொடுத்தது. 1995-இல் கிரப் உருவாகத் தொடங்கியது. கணினியைத் திறந்ததும் 'எது வேண்டும்?' என்று கேட்பதுதான் இவற்றின் வேலை.

ஒரு சிக்கல். லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸை நிறுவினால், அந்த 512 பைட்டில் இருந்த தொடக்க நிரல் மாற்றி எழுதப்படும். எனக்கும் அப்படி ஆனது. லினக்ஸ் பக்கம் இருந்த பயிற்சித்தாள்கள் எல்லாம் போச்சுன்னு நினைச்சு, அவசரப்பட்டுத் தட்டு முழுவதையும் நானே அழித்துவிட்டேன். உண்மையில் கோப்புகள் அங்கேயேதான் இருந்தன. வாசல் மட்டும்தான் மறைந்திருந்தது. கிரப்பை மீண்டும் நிறுவியிருந்தாலே போதும்.

இன்றைய யூஇஎஃப்ஐ கணினிகளில் ஒவ்வொரு இயங்குதளமும் தன் தொடக்க நிரலைத் தனிக் கோப்பாக வைக்கிறது. ஆனாலும் விண்டோஸை முதலில், லினக்ஸை அடுத்துப் போடுங்க. அதுக்கும் முன்னால, கோப்புகளை நகல் எடுத்து வெச்சுக்குங்க.